தறப்பாளுக்குக் கீழே தண்ணீர்

1. பம்ப் அறையில் இருந்தபோது

அந்தச் சத்தம் கேட்டபோது நான் பம்ப் அறைக்குள் குனிந்து நின்றேன். தண்ணீரை எதிர்த்திசையில் ஓடவிட்டு ஃபில்டரில் சிக்கிய அழுக்கைக் கழுவிக்கொண்டிருந்தேன். பம்பின் இரைச்சலையும் மீறி, கனமான துணி ஒன்று கிழிவது போல வெளியே கேட்டது. அதற்கடுத்து திருமதி ரோத்தின் குரல்.

"குந்தர்! ஐயோ, குந்தர்!"

ஜெர்மனியின் எசன் நகருக்குத் தெற்கே, ரூர் ஆற்றை நோக்கி இறங்கும் சரிவில் இருக்கிறது அவர் வீடு. தோட்டத்தின் நடுவே, நாங்கள் பராமரிக்கும் நீச்சல் தடாகம். அதன் மேல் கவிந்தபடி ஒரு பெரிய ஓக் மரம். ஒக்டோபரில் அந்த மரம் கொட்டும் இலைக்கு அளவில்லை. அதனால் இலை விழத் தொடங்கியதுமே தடாகத்தின் மேல் தறப்பாள் என்னும் கனமான விரிப்பு ஒன்றை இழுத்துக் கட்டிவிடுவோம். கரை நெடுகக் கொக்கிகள் இருக்கும். ரப்பர்க் கயிறுகளை அவற்றில் மாட்டினால் தறப்பாள் விறைப்பாக நிற்கும். இரண்டு நாள் காற்று வீசினால் போதும், தறப்பாளும் தெரியாது, தடாகமும் தெரியாது. தோட்டம் முழுக்க ஒரே தரை போலக் கிடக்கும்.

குந்தர் திருமதி ரோத்தின் தம்பி. நகரசபைப் பூங்காக்களில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஞாபகம் கழன்றுபோகத் தொடங்கியதால் அக்காவோடு வந்து தங்கியிருந்தார். அன்று காலை யன்னலால் பார்த்திருக்கிறார். தோட்டத்தில் இலை குவிந்து கிடக்கிறது. வேலை இருக்கிறது என்று நினைத்து, இலைவாரியை எடுத்துக்கொண்டு நேராக நடந்திருக்கிறார்.

நான் வெளியே ஓடி வந்தபோது தறப்பாளின் நடுவில் ஒரு பெரிய பள்ளம். அதற்குள் இடுப்பளவு தண்ணீரில் அவர் இருந்தார். ஒரு பக்கக் கொக்கிகள் கல்லோடு பிடுங்கிக்கொண்டு போயிருந்தன. அவர் கையை அடிக்க அடிக்கத் தறப்பாள் இன்னும் தாழ்ந்தது. ஈர இலைகளும் தண்ணீரும் சேர்ந்து அவர்மேல் சரிந்தன. திருமதி ரோத் அப்போதுதான் முழங்கால் சத்திரசிகிச்சை செய்து, ஊன்றுகோலோடு நடந்துகொண்டிருந்தவர். அவர் கரை ஓரத்தில் நின்று தண்ணீருக்குள் இறங்கப் பார்த்தார்.

"இறங்காதேங்கோ!" என்று கத்தினேன். அவர்களோடு பேசியது ஜெர்மன் மொழியில். என் மனத்தில் நிற்பது எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில்தான் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

தடாகம் கழுவும் நீளத் தடியை அவரிடம் நீட்டினேன். "பிடியுங்கோ, குந்தர், பிடியுங்கோ!" அவர் தடியைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். அதைப் பிடிக்க வேண்டும் என்பது அவருக்கு விளங்கவில்லை. தண்ணீர் மார்புக்கு ஏறிவிட்டது.

எனக்கு நீந்தத் தெரியாது.

அந்தக் கணத்தில் நான் யோசித்தது ஒன்றே ஒன்று. அவரிடம் நான் போக முடியாது. ஆனால் அவர் தறப்பாளின் மேல் இருக்கிறார், தறப்பாளை என்னால் இழுக்க முடியும். படிகள் இருக்கும் ஆழமில்லாத பக்கத்துக்கு ஓடி, சப்பாத்தோடு இறங்கினேன். குளிரில் மூச்சு நின்று வந்தது.

"அந்தப் பக்கத்துக் கொக்கியளை எல்லாம் கழட்டுங்கோ! எல்லாத்தையும்!"

திருமதி ரோத் ஊன்றுகோலை எறிந்துவிட்டு, புல்லில் இருந்தபடியே நகர்ந்து நகர்ந்து ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றினார். சிலதைக் கழற்ற முடியாமல் பக்கத்தில் கிடந்த தோட்டக் கத்தரியால் கயிற்றையே வெட்டினார். நான் தறப்பாளின் விளிம்பைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தேன். மீனவர்கள் வலை இழுப்பது போல, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து இழுத்தேன். முதலில் அசையவில்லை. கடைசிக் கயிறு அறுந்ததும் முழுத் தறப்பாளும், அதன் நடுவில் குந்தரும், என்னை நோக்கி வரத் தொடங்கின. அவர் தலை ஒரு தடவை தண்ணீருக்குள் போய் வந்தது. எட்டிப் பிடிக்க ஓரடி முன்னால் வைத்தேன். தரை சரியத் தொடங்குவதைக் காலில் உணர்ந்தேன். தண்ணீர் கழுத்தைத் தாண்டி என் நாடியைத் தொட்டது. இன்னோர் அடி வைத்தால் நானும் போய்விடுவேன். அந்த இடத்திலேயே நின்று இன்னும் இழுத்தேன். அவருடைய சட்டைக் கொலர் கைக்கு வந்தது.

திருமதி ரோத் தொலைபேசியில் அழைத்த அம்புலன்ஸ் வரும்வரை அவரைப் படிகளில் இருத்தி, இரண்டு பக்கமும் நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தோம். குந்தர் நடுங்கியபடி தன் இலைவாரி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

2. இந்த வேலை என்ன வேலை

இளம் பிள்ளைகள் பலர் இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

நான் முதலில் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலையில் இருந்தேன். வீட்டுத் தடாகங்களைப் பராமரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் நேசன் அண்ணை வேலை செய்தார். யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். "கலா, உங்கட வேலை எல்லாம் நாலு சுவருக்குள்ள. இது காத்தும் வெளிச்சமும். வந்து பாருங்கோவன்" என்று அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். போனேன், பிடித்துப்போனது.

கோடையில் தடாகத்தைக் கவனிப்பது இலேசு. தொழில் தெரிந்தவர் யார் என்று இலையுதிர்காலம்தான் காட்டும். இலை தண்ணீரில் ஊறினால் சாயம் இறங்கும், பாசிக்குத் தீனியாகும், அடியில் சேறாகப் படியும். மேலே மிதக்கும் குப்பையை உறிஞ்சும் ஸ்கிம்மரின் கூடையை அடிக்கடி வெறுமையாக்காவிட்டால் பம்ப் காற்றை இழுத்து எரிந்துபோகும். வெயில் குறைந்ததும் குளோரின் செலவு குறையும் என்று வீட்டுக்காரர் பரிசோதனையையே விட்டுவிடுவார்கள். நாங்கள் விடக்கூடாது. பிஎச், அதாவது அமில அளவு, சரியாக இல்லாத தண்ணீரில் எந்த மருந்தும் வேலை செய்யாது.

தண்ணீர் நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் குளிர்காலத்துக்கு மூட வேண்டும். சூடு இருக்கும்போதே அவசரப்பட்டு மூடினால் வசந்தத்தில் திறக்கும்போது பச்சைக் குளம் ஒன்றைப் பார்ப்பீர்கள். மூடும்போது அடியை உறிஞ்சி, சுவரைத் தேய்த்து, ஃபில்டரைக் கழுவி, பாசித் தடுப்பு மருந்து ஊற்றி, ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே தண்ணீரை இறக்க வேண்டும். குழாய்களில் ஒரு சொட்டு நிற்கக்கூடாது. நின்றால் உறைந்து வெடிக்கும். பனிக்கட்டி சுவரை நெரிக்காமல் இருக்க மிதவைகளைக் கயிற்றில் கோத்துக் குறுக்கே விட வேண்டும்.

ஆனால் தடாகத்தை ஒருநாளும் முழுதாக வெறுமையாக்கக்கூடாது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் கீழிருந்து தள்ளும். உள்ளே இருக்கும் தண்ணீரின் பாரம்தான் தொட்டியைப் பிடித்து வைத்திருக்கிறது.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தண்ணீருக்கு வெளியே நின்று செய்யும் வேலைதானே என்று நினைத்திருந்தேன். நீந்தத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

3. ஹென்னிங்கின் முடிவு

எங்கள் ஷெஃப், அதாவது முதலாளி, ஹென்னிங் என்பவர். உயரமான, அதிகம் பேசாத மனிதர். குந்தர் ஆபத்தைத் தாண்டிவிட்டார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்ததும் என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். கோப்பி ஊற்றித் தந்தார். கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஒண்டு மட்டும் எனக்கு விளங்கேல்லை. நீங்கள் ஏன் நீந்திப் போய்ப் பிடிக்கேல்லை?"

"எனக்கு நீந்தத் தெரியாது, ஷெஃப்."

அவர் கோப்பியை மேசையில் வைத்தார்.

"நாளையிலயிருந்து நீங்கள் வேர்க்சொப்பில நில்லுங்கோ. பம்புகளைக் கழட்டிப் பூட்டுற வேலை இருக்கு. வெளிய போக வேண்டாம்."

எனக்கு முகம் சுட்டது. "ஒரு மனுசனைக் காப்பாத்தினதுக்குத் தண்டனையோ?"

"தண்டனை இல்லை. இன்னும் ஒரு அடி வைச்சிருந்தால் உங்களை ஆர் இழுத்திருப்பினம்? முழங்கால் ஏலாத அந்த மனுசியோ? உங்கட மகளிட்ட வந்து நான் என்ன சொல்லியிருப்பன்?"

எனக்குக் கோபம் வந்தது. கோபம் அவர்மேலா, என்மேலா, தண்ணீர்மேலா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"நீந்தப் பழகினால்?"

"வெண்கலச் சான்று கொண்டு வாங்கோ. அண்டைக்கே வேலை வானின்ர திறப்பைத் தாறன்." வான் வண்டியின் சாவியைச் சொன்னார்.

வெண்கலச் சான்று என்பது ஜெர்மனியில் நீச்சல் தெரிந்தவருக்குக் கொடுக்கும் முதல் தரம். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் எடுப்பது. கால் மணி நேரம் நிற்காமல் நீந்த வேண்டும், பலகையிலிருந்து குதிக்க வேண்டும், இரண்டு மீட்டர் ஆழத்துக்குப் போய் அடியில் கிடக்கும் வளையத்தை எடுக்க வேண்டும்.

அந்த இலையுதிர்காலம் முழுக்க நேசன் அண்ணை இரண்டு பேரின் வேலையைத் தனியாகச் செய்தார். மாலையில் நனைந்த உடுப்போடு வேர்க்சொப்புப் பட்டறைக்கு வந்து, கைகளை ஹீற்றரில் சூடேற்றுவார். ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

"அண்ணை, நான் பழகத்தான் போறன்" என்றேன்.

"பழகுங்கோ பிள்ளை. ஆனால் ஹென்னிங்குக்குக் காட்டுறதுக்கு எண்டு பழகாதேங்கோ. அந்த வீம்பு தண்ணிக்குள்ள இறங்கின உடன கரைஞ்சு போயிடும்."

4. பெண்களுக்கான நேரம்

நகரசபை நீச்சல் மண்டபத்தில் வாரத்தில் ஒரு நாள் பெண்களுக்கு மட்டும் வகுப்பு நடந்தது. பயிற்றுவித்தவள் ஐலின். துருக்கியக் குடும்பத்துப் பெண், என் மகள் அபியைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள்.

சின்ன வயதில், சண்டைக் காலத்தில், யாழ்ப்பாணத்துக் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்திருக்கிறேன். படகுக்குள் தண்ணீர் ஏறியது. கடற்படைக்குச் சத்தம் கேட்டுவிடக்கூடாது என்று அம்மா என் வாயைப் பொத்தி வைத்திருந்தார். அதன் பிறகு தண்ணீருக்குள் முகம் வைத்ததில்லை. முகம் கழுவும்போதுகூடக் கையால் அள்ளித்தான் கழுவுவேன். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. முதல் நாள், இடுப்பளவு தண்ணீரில் நின்று ஐலினிடம் சொன்னேன். ஏன் அவளிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. முன்பின் தெரியாதவள் என்பதாலாக இருக்கலாம்.

"சரி. அப்ப இண்டைக்கு வாயை மட்டும் தண்ணிக்குள்ள வைச்சு ஊதுவம்" என்றாள்.

அன்று ஊதினோம். அடுத்த வாரமும் ஊதினோம். மூன்றாவது வாரம் மூக்கு. பக்கத்து நீச்சல் பாதையில் ஐந்து வயதுப் பிள்ளைகள் தவளைகள் மாதிரிப் பாய்ந்துகொண்டிருந்தன. அவர்களுடைய தாய்மார் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தார்கள். வெட்கமாக இருந்தது. ஆனால் அடுத்த நாள் காலை வேர்க்சொப்பில் துருப்பிடித்த திருகாணிகளைக் கழற்றிக்கொண்டு நிற்கும்போது வரும் வெட்கம் அதைவிடப் பெரிது. அதனால் தொடர்ந்து போனேன்.

அபி தங்கச் சான்று வரை எடுத்தவள். முதலில் சிரித்தாள். "அம்மா, நீங்கள் கடற்குதிரை நீச்சல் பட்ஜில இருந்தோ தொடங்கப் போறீங்கள்? அது கிண்டர்கார்டன் பிள்ளையளுக்கு." ஒருநாள் என்னைக் கூட்டிப்போக வந்தவள், நான் மிதக்கப் பழகி, இருமி, மறுபடி மிதப்பதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை தன் நீச்சல் பையையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "வாங்கோ, போவம். இந்த வகுப்பு மட்டும் காணாது."

பனி கொட்டிய மாதங்கள் முழுக்கச் சனிக்கிழமைகளில் இருவரும் போனோம். நீந்துவது வந்துவிட்டது. குதிப்பதும், கண்ணை மூடிக்கொண்டு, வந்துவிட்டது. வளையம்தான் வரவில்லை. கீழே போகத் தொடங்கியதும் காது அழுத்தும், நெஞ்சு அடிக்கும், மேலே வந்துவிடுவேன். முதல் பரீட்சையில் அதில்தான் தோற்றேன். மூன்று தடவை முயன்று மூன்று தடவையும் வெறுங்கையோடு வந்தேன். உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதேன்.

ஐலின் வந்து பக்கத்து வாங்குப் பலகையில் இருந்தாள். "நீங்கள் கீழ போகேக்கையே மேல வாறதைப் பற்றி யோசிக்கிறீங்கள். கீழ ஒரு வேலை இருக்கு. அதை மட்டும் யோசியுங்கோ."

வேலை என்றதும் எனக்கு விளங்கியது. இரண்டாம் தடவை பரீட்சைக்குப் போனபோது, தடாகத்தின் அடி வடிகாலில் இலை அடைத்திருக்கிறது, அதை எடுக்கப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போனேன், கைக்கு வந்ததைப் பிடித்தேன், காலால் உதைத்து மேலே வந்தேன். கையில் வளையம் இருந்தது. அபி போட்ட கூச்சலில் மண்டபமே திரும்பிப் பார்த்தது.

திங்கட்கிழமை சான்றை மேசையில் வைத்தேன். ஹென்னிங் அதைப் படிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து வானின் திறப்பை எடுத்துத் தந்தார். "எப்ப வருவீங்கள் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தனான்" என்றார்.

5. மண் போட்டு மூடுங்கோ

வசந்தத்தில் தடாகங்களைத் திறக்கும் வேலை தொடங்கியபோது திருமதி ரோத் தொலைபேசியில் சொன்னது, திறக்க வேண்டாம் என்று. மண் போட்டு நிரப்ப ஆள் அனுப்பச் சொன்னார். நான் நேரில் போய்ப் பேசுகிறேன் என்று ஹென்னிங்கிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன்.

அவர் சமையலறை யன்னலுக்குத் திரை போட்டிருந்தார்.

"காலமை எழும்பி வெளிய பார்த்தால் அவன் விழுந்த இடம்தான் தெரியுது. எனக்கு வேண்டாம், கலா."

"நீந்தினால்தான் முழங்கால் பலமாகும் எண்டு டொக்டர் சொன்னவர், என்ன?"

"சொன்னவர். அதுக்காகக் குந்தரை விட ஏலுமோ? அவனை முதியோர் விடுதியில சேர்க்கச் சொல்லினம். நான் மாட்டன் எண்டிட்டன். அப்ப தடாகம்தான் போக வேணும்."

அது நியாயமான பேச்சு. பயத்தில் சொன்னதும் அல்ல, தீர்மானித்துச் சொன்னது. அதனால் தைரியம் சொல்லிப் பயனில்லை, வேலைதான் காட்ட வேண்டும் என்று பட்டது. அலுமினியக் கம்பிகள் கோத்த உறுதியான மூடி இருக்கிறது, ஆள் ஏறினாலும் தாங்கும் என்றேன். சுற்றிவர வேலி போடலாம், தானாகச் சாத்திக்கொள்ளும் படலைக் கதவு வைக்கலாம், சமையலறைக் கதவுக்கு மணி பூட்டலாம் என்றேன். "போட்டுக் காட்டுறன். பிறகும் வேண்டாம் எண்டால் நானே மண் கொட்டுறன்."

"போட்டுக் காட்டுங்கோ, பார்ப்பம்" என்றார் அவர்.

மூடியைப் பொருத்திய அன்று நேசன் அண்ணை கரையில் நிற்க, நான் அதன் மேல் ஏறினேன். நடுவரை நடந்தேன். ஆழமான பக்கத்துக்கு மேலே நின்று ஒருமுறை துள்ளினேன். கால்களுக்குக் கீழே மூடி சற்று வளைந்து மறுபடி நிமிர்ந்தது. திருமதி ரோத் ஊன்றுகோலை வேலியில் சாய்த்துவிட்டு வந்தார். விளிம்பில் ஒரு காலை வைத்தார். பிறகு மற்றதை. என் கையைப் பிடிக்காமல், மெதுவாக, நடுவரை வந்து என் பக்கத்தில் நின்றார். அழுதார்.

அடுத்த வாரம் சமையலறைத் திரை கழன்றிருந்தது.

6. அடி வடிகால்

அதற்கடுத்து வந்த இலையுதிர்காலத்தில் அந்தத் தடாகத்தை மூடும் பொறுப்பு என்னுடையது. அடியை உறிஞ்சியபோது வடிகாலின் மூடித்தட்டு திருகாணி கழன்று விலகிக் கிடப்பதைக் கண்டேன். உள்ளே இலைச்சேறு. மேலிருந்து தடியால் தட்டிச் சரிப்படுத்த முடியவில்லை. அப்படியே விட்டால் குழாய் அடைத்து, பனிக்காலத்தில் வெடிக்கும். சரிவில் மழைத் தண்ணீர் ஊறியிருந்ததால் தடாகத்தை வெறுமையாக்கவும் ஏலாது. நீருக்குள் இறங்கி வேலை செய்யும் சுழியோடி வருவதற்கு டெர்மின், அதாவது குறித்த நாள், அடுத்த வாரம்தான் என்றார்கள். இந்த வாரமே உறைபனி என்று வானிலையில் சொல்லிவிட்டார்கள்.

"நான் இறங்கிறன், அண்ணை."

அவர் பம்பின் மெயின் சுவிட்சை நிறுத்தி, பூட்டுப் போட்டு, திறப்பைத் தன் பையில் வைத்தார். பம்ப் ஓடும்போது வடிகால் பக்கம் ஒருவரும் போகக்கூடாது. தனியாகவும் ஒருநாளும் இறங்கக்கூடாது. இதை வாசிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இந்த இரண்டையும் மறக்க வேண்டாம். சுழியோடிகள் போடும் ரப்பர் உடுப்பைப் போட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுநுனியை அண்ணையிடம் கொடுத்தேன்.

குளிர் காதுக்குள் ஊசியாக ஏறியது. முதல் முறை இறங்கிச் சேற்றை அள்ளினேன். இரண்டாம் முறை தட்டைப் பொருத்தினேன். பிறகு திருகாணிகள், ஒவ்வொரு மூச்சுக்கும் ஒன்று. விரல்கள் விறைத்து ஒன்று நழுவிப்போனது. தேடி எடுத்துப் பூட்டினேன். கீழே இருந்த நேரம் முழுக்கப் பயம் கூடவே இருந்தது. இன்றும் இருக்கிறது. பயம் போன பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருந்தால் நான் இன்னும் வேர்க்சொப்பில்தான் நின்றிருப்பேன். பயத்தையும் கூட்டிக்கொண்டு போக, முறையாகப் பழகி, பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திவிட்டு இறங்க வேண்டும். இந்தத் தொழிலில் நான் படித்தது அவ்வளவுதான்.

வேலி ஓரத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, கம்பளி போர்த்தி, குந்தர் இருந்தார். அக்கா அவர் கையில் தேநீர்க் கோப்பையைக் கொடுத்திருந்தார். நான் கடைசியாக மேலே வந்து படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபோது, அவர் என்னை மிகுந்த கவனத்தோடு பார்த்தார். முன்பு பார்த்ததாக அவருக்கு நினைவில்லை. ஒவ்வொரு முறையும் என்னைப் புதிதாகத்தான் அறிமுகப்படுத்த வேண்டும்.

"நல்லாய் நீந்திறீங்கள்" என்றார். "ஆர் பழக்கினது?"

திருமதி ரோத் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐலின் எண்டு ஒரு பிள்ளை" என்றேன்.

"நல்ல பிள்ளையாய் இருக்க வேணும்" என்று சொல்லிவிட்டு, தேநீரைக் குடிக்கத் தொடங்கினார்.